கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்கும் பெண்கள்

என் கணவர் எங்கள் காலனி கால்பந்து அணியின் கோல்கீப்பர். பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை, குடிப்பழக்கம் இல்லை, சொந்தமாக பைக் இருக்கிறது என்பதோடு தரகர் நிறுத்திக்கொண்டார். கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிகிற நேரத்தில் மனிதர் பச்சை ஜெர்சியும் முழங்கால் பட்டையும் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியபோதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. மத்தியானம் உடம்பெல்லாம் மண்ணோடு திரும்பி வந்து, "மூணு கோல் உட்டுட்டேன்" என்றார். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி இருந்தது முகம். என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் அன்றைக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டேன்.

நானும் அதே தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கான போல்ட், நட்டு செய்கிறோம். நான் தரச் சோதனைப் பிரிவு. என் கொழுந்தனையும் அங்கேயே பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டேன். எங்களோடுதான் இருக்கிறான். இருபத்திரண்டு வயசு. பந்து ஆட வராது, ஆனால் அணிக்காகக் கத்துவதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. ஆட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பான், தொண்டை கட்டிக்கொண்டு வருவான், அடுத்த நாள் பூரா சைகையிலேயே பேசுவான்.

எங்கள் அணிக்குப் பரம எதிரி பழவேற்காட்டு ஏரிப் பக்கம் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்து அணி. அவர்களைப் பற்றி எங்கள் காலனி டீக்கடையில் சொல்லப்படாத கதையே கிடையாது. எதிரணி குடிக்கிற கேனில் ஏரித் தண்ணீரைக் கலந்துவிடுவார்களாம். கோல் விழுந்தால் துடுப்பை எடுப்பார்களாம், துடுப்பால் அடிபட்ட எலும்பு ஜென்மத்துக்கும் சேராதாம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஊர்ப் பெண்கள். அவர்கள் எதிரணி கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கும்பலாக நின்றுகொண்டு கோல்கீப்பரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்களாம். அதில் ஒரு பெண்ணுக்கு எங்கள் ஆட்கள் 'சைரன்' என்றே பேர் வைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தால் ஷிஃப்ட் முடிந்துவிட்டதென்று நினைத்து ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று ஜோக் அடிப்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு பொன்னேரி மைதானத்தில் இந்த இரண்டு அணிக்கும் அரையிறுதி நடந்தது. கடைசியில் பெரிய கலாட்டா. என் கணவர் காதோரம் தையல் போட்டுக்கொண்டு வந்தார். துடுப்பால் அடித்துவிட்டார்கள் என்று காலனியே கொதித்தது. டீக்கடையில் அந்தக் கதை முதல் வாரம் ஒரு துடுப்போடு ஆரம்பித்தது. தீபாவளி வருவதற்குள் நாலு துடுப்பும் ஒரு நங்கூரமும் ஆகிவிட்டது. வீட்டில் மருந்து போடும்போது நான் ஒருமுறை அவரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "துடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கும்பல்ல எவனோ தள்ளினான். கொடிக்கம்பத்துல போய் முட்டிக்கினேன்."

"அத வெளிய சொல்றதுதானே?"

"கொடிக்கம்பத்துல முட்டிக்கினேன்னு சொன்னா சிரிக்க மாட்டானுங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்ததால் அதோடு விட்டுவிட்டேன்.

போன வருஷம் இறுதிப் போட்டிக்கு மறுபடியும் இதே இரண்டு அணிகள் வந்தன. சீட்டுக் குலுக்கியதில் ஆட்டம் குப்பத்து மைதானத்தில் என்று விழுந்தது. பழைய கலாட்டாவை நினைத்து நடத்துகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். எங்கள் காலனியிலிருந்து ஆடுகிறவர்கள் மட்டும் வரலாம், பார்க்க ஆண்கள் யாரும் வரக் கூடாது. என் கொழுந்தன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா நிபந்தனையைக் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆம்பளைங்கதானே வரக் கூடாதுன்னானுங்க? நாம போவோம்."

அப்படித்தான் காலனிப் பெண்கள் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு, மிக்சர், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றினோம். வேறு தண்ணீர் தொடக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. பொன்னேரி தாண்டியதும் பக்கத்து வீட்டு அக்கா கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பாக்கெட் மிளகாய்த்தூள்.

"இன்னாக்கா இது?"

"எதுக்கும் இருக்கட்டும். அவனுங்க எப்பிடியோ, இன்னாவோ."

வேனில் ஒரே சிரிப்பு. ஆனால் யாரும் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

மைதானம் ஏரிக்கரையை ஒட்டி, மணலும் புல்லுமாக இருந்தது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் கவிழ்த்துப் போட்ட படகுகள். காற்று முழுக்கக் கருவாட்டு வாசனை. கோல் போஸ்ட்டுகளில் அசல் மீன் வலையைக் கட்டியிருந்தார்கள். நாங்கள் ஒரு ஓரமாக, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பாட்டி மட்டும் கிட்டே வந்து, "வெயில்ல குந்திகினு கீறீங்களே, அந்தப் படகு நெழலுக்குப் போங்கம்மா" என்றாள். இதில் என்ன சூழ்ச்சி என்று யோசித்து, நாங்கள் நகரவில்லை. முக்கால் மணி நேரம் வெந்த பிறகு நகர்ந்தோம்.

இரண்டாம் பாதியில் என் கணவரின் கோல் நாங்கள் இருந்த பக்கத்துக்கு வந்தது. அவருக்குப் பின்னால் அந்தப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். சைரனை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. ஐம்பது வயசிருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் மீன் விற்கிற அலுமினிய அன்னக்கூடை. அதை ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே கத்தினாள். எங்கள் ஆட்கள் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே விஷயம் அந்தக் குரல்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருவர் பந்தைக் கையால் தொட்டுவிட்டார். குப்பத்துக்குப் பெனால்டி. என்னால் உட்கார முடியவில்லை. என்னையும் அறியாமல் எழுந்து கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலேயே போய் நின்றுவிட்டேன். அந்தப் பெண்களுக்கு நடுவில் நிற்கிறோம் என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

அன்னக்கூடை அதிர்ந்தது. சைரன் என் காதுக்குப் பக்கத்தில் கத்தினாள்: "இன்னாடா கோல்கீப்பரு, காலு நடுங்குது? ஊட்ல பொண்டாட்டி சோறு போட்லியா?"

நான் சட்டென்று திரும்பினேன். "போட்டேனே! ரெண்டு தபா வாங்கித் துன்னாரு!"

கட்டை நின்றது. அவள் என்னை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். "நீ யாரும்மா?"

"நான்தான் பொண்டாட்டி."

பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், அது சிரிப்பா, மழைக்காலத்து இடியா என்று தெரியவில்லை. "அடியே, இவதான்டி பொண்டாட்டியாம்! ரெண்டு தபா போட்டாளாம்!" என்று அவள் ஒலிபரப்ப, பின்னால் இருந்த அத்தனை பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வேன் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கோலில் நின்றிருந்த என் கணவர் இது எதுவும் தன் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பெனால்டி அடிக்க ஓடிவந்த பையன் பாதி ஓட்டத்தில் எங்களைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்து ஏரிப் பக்கம் போய் விழுந்தது.

குப்பத்து ஆண்கள் தலையில் அடித்துக்கொண்டு தங்கள் பெண்களைத் திட்ட, பெண்கள் பதிலுக்குத் திட்ட, மைதானமே ஒரே கூச்சல். கெட்ட கூச்சல் இல்லை. கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரியான கூச்சல்.

ஆனால் சவுக்குத் தோப்பில் இருந்தவர்களுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. எங்கள் காலனிப் பையன்கள் வரக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, பைக்கில் கிளம்பிவந்து தோப்புக்குள் ஒளிந்திருந்திருக்கிறார்கள். ஆட்டம் அங்கிருந்து தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். பெண்கள் ஒட்டுமொத்தமாகக் கத்துவது கேட்டதும், குப்பத்துக்காரர்கள் எங்களை அடிக்கிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஊரைப் பற்றி இத்தனை வருஷம் கேட்ட கதைக்கு வேறு எப்படி நினைப்பார்கள்? தோப்பிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்து கையில் இருந்ததை எறிந்தார்கள்.

என் தோளுக்கு மேலே ஏதோ ஒன்று விர்ரென்று போனது. சைரன் "அம்மே" என்று உட்கார்ந்தாள். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியது. நான் என் முந்தானையை எடுத்து அழுத்திப் பிடித்தேன். அவள் மடியில் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். எண்ணெய்க் கறுப்பு மாறாத ஒரு நட்டு. ஓரத்தில் எங்கள் கம்பெனி முத்திரை. அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது அசல் சண்டைதான். குப்பத்து ஆண்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள், திரும்பி வரும்போது கையில் துடுப்பு இருந்தது. ஆக, துடுப்புக் கதையும் முழுப் பொய் இல்லை. ரெஃப்ரி விசிலை ஊதிக்கொண்டே தன் ஸ்கூட்டரை நோக்கி ஓடினார். பக்கத்து வீட்டு அக்கா மிளகாய்த்தூளைப் பிரித்தாள், காற்று எதிர்த்திசையில் அடித்தது, எங்கள் வேன் பெண்கள் எல்லோரும் தும்ம ஆரம்பித்தார்கள்.

சைரனின் புருஷன் ஒரு ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் ஏறும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீயும் வா."

"நான் எதுக்குக்கா?"

"வழில உங்காளுங்க நிப்பானுங்க. நீ குந்திகினு இருந்தாத்தான் வண்டிய உடுவானுங்க."

அது மீன் பிடிக்கிற கையின் பிடி. ஏறிவிட்டேன்.

அவள் சொன்னபடியே, சாலைத் திருப்பத்தில் எங்கள் பையன்கள் பைக்குகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் அலறினான்: "டேய், அண்ணியத் தூக்கினு போறானுங்கடா!" ஆட்டோவைச் சுற்றிக்கொண்டார்கள். முதல் ஆளாகக் குனிந்து உள்ளே பார்த்தது என் கொழுந்தன். குனிந்தபோது அவன் பேண்ட் பாக்கெட் இரண்டும் கனத்தில் தொங்கின, உள்ளே நட்டுகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"யாரும் என்னத் தூக்கினு போகல. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வழி உடு" என்றேன்.

"அண்ணி, நீங்க எறங்குங்க."

"வழி உடுறா!"

அந்த ஆட்டோவில் இரண்டு சைரன் இருந்ததாக அப்புறம் அவளே சொன்னாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "உங்காளுங்க பைக் செயின் சுத்துவானுங்க, கம்பெனில இருந்து ஆசிட்டு எடுத்துனு வருவானுங்கன்னு எங்க ஊர்ல ஒரே பேச்சு. எம் பேத்தி சோறு துன்னலன்னா, கம்பெனிக்காரன் வரான்னுதான் பயம் காட்டுவேன்."

"ஆசிட்டெல்லாம் சும்மா பேச்சுக்கா."

"சரி, சும்மா பேச்சு. அப்போ இது இன்னா?" என்று நெற்றிக் கட்டைத் தொட்டுக் காட்டினாள். "எவன் எறிஞ்சான்? ஒனக்குத் தெரியும். ஆட்டோல உன் மூஞ்சப் பாத்தேன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வெளியே அவர்கள் ஊர் ஆண்கள் ஒரு கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் என் முந்தானையில் அவள் ரத்தம் இன்னும் காயவில்லை. கையை விரித்து நட்டைக் காட்டினேன். "என் கொழுந்தன். எங்க கம்பெனி நட்டு."

அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "கட்டுமரத்துல வழுக்கி வுழுந்துட்டேன் சார்" என்றாள். அவர் நம்பவில்லை, ஆனால் போய்விட்டார். பிறகு என்னிடம் சொன்னாள்: "போலீசு, கோர்ட்டுன்னு எனக்கு பேஜாரு வேணாம். ஆனா அவன் வரணும். எங்க ஊருக்கு வரணும். நீ இட்டுனு வா."

வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் சொன்னேன். "போனா பொணமாத்தான் வருவேன் அண்ணி. அண்ணன துடுப்பால அடிச்சவனுங்க. அதுக்குத்தான் நான் எறிஞ்சேன். ஆம்பளைங்களப் பாத்துத்தான் எறிஞ்சேன், அந்தம்மா மேல படும்னு நெனைக்கல."

என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். துண்டைக் கீழே வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "என்னை எவனும் அடிக்கலடா."

"இன்னாண்ணே?"

"கொடிக்கம்பத்துல முட்டிக்கினேன்."

கொழுந்தன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "மூணு வருசமாவா?" என்று மட்டும் கேட்டான். என் கணவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நானும் கொழுந்தனும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவன் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. குப்பத்தில் இறங்கியதும் ஊரே திரண்டு நிற்பதைப் பார்த்து அவன் என் பின்னால் ஒதுங்கினான். சைரனின் புருஷன் முன்னால் வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

"உடுங்க அவன. அவன் எங்க கணக்கு" என்றாள் சைரன், கட்டுப் போட்ட தலையோடு. கொழுந்தனை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய் கோல் போஸ்ட்டில் நிறுத்தினாள். "உங்கண்ணன் நிக்கிற எடம்தான். நில்லு. எங்க ஊரு பொம்பளைங்க ஆளுக்கொரு பந்து அடிப்போம். ஓடக் கூடாது, மூஞ்சிய மூடக் கூடாது."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதலில் அவன் பாய்ந்து பிடிக்கப் பார்த்தான், மணலில் மூக்கு உரசியது. ஒருத்தி அடித்த பந்து வயிற்றில், இன்னொருத்தி அடித்தது தொடையில். போன தடவை எங்களைப் படகு நிழலுக்குப் போகச் சொன்ன பாட்டி, தள்ளாடிக்கொண்டே வந்து உருட்டிவிட்ட பந்து அவன் காலுக்கு நடுவில் புகுந்து வலைக்குள் போனது. ஆண்கள் படகுமேல் ஏறி நின்று விசில் அடித்தார்கள். கடைசியில் சைரன். நாலு எட்டுப் பின்னால் போய், ஓடிவந்து விட்டாள் ஒன்று. நேராக முகத்தில். அவன் மல்லாந்து விழுந்தான். மூக்கில் ரத்தம்.

அவள் போய்க் குனிந்து பார்த்தாள். "பல்லு இருக்குதா?"

"இருக்குது."

"அப்போ சரியாப் போச்சு. எந்திரி, சாப்புடலாம்."

அவள் வீட்டில் மீன் குழம்பும் இறால் வறுவலும் போட்டாள். அவன் இலை முன்னால் உட்கார்ந்து, மூக்கில் பஞ்சோடு, "மன்னிச்சிடுங்கம்மா" என்று ஆரம்பித்தான். "வாய மூடிகினு துன்னு" என்று அவள் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அவள் புருஷன் மட்டும் கடைசிவரை அவனோடு பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் நாலடி பின்னால் நடந்து வந்தார். பாதுகாப்புக்காக வந்தாரா, நாங்கள் நிஜமாகவே போய்விட்டோமா என்று பார்க்க வந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருஷம் கோப்பை யாருக்கும் கிடைக்கவில்லை. கொழுந்தன் இப்போது ஆட்டங்களுக்குப் போகிறான், கத்துகிறான், தொண்டையும் கட்டுகிறது. பாக்கெட்டில் செல்போன் தவிர வேறொன்றும் இருக்காது, வாசலிலேயே நான் தட்டிப் பார்த்துவிடுவேன். அண்ணனும் தம்பியும் சில மாசம் சரியாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். பிறகு பேசினார்கள்.

இந்த வருஷம் எங்கள் அணி, குப்பத்து அணி இரண்டுமே காலிறுதியைத் தாண்டவில்லை. இறுதிப் போட்டி பொன்னேரியில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்களுக்கு. சைரன் அக்கா போன் செய்து, "சும்மாதானே கீற, வா, பாத்துட்டு வரலாம்" என்றாள். பாலிதீன் பையில் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாள். நான் முறுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் மேற்கே ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம். மேளம் அடித்தார்கள், பெஞ்சுமேல் ஏறினார்கள், ரெஃப்ரியைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "இன்னா ஜனங்கம்மா இதுங்க! இந்த ஊர்க்காரனுங்களே இப்பிடித்தானாம், எங்க போனாலும் கலாட்டாவாம். எம் மருமவன் சொன்னான்."

"எங்க கம்பெனிலயும் அப்பிடித்தான்க்கா சொல்லிக்கிறாங்க" என்றேன் நான். இரண்டு பேரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே நாலு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தோம்.